பெனாசிஹாட் அகாடமிக் டிசிப்ளின் டீச்சர் இல்லை



யு.பி.யு. முடிவு வந்த வாரம். செடெனாக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து நாங்கள் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்திலிருந்து இந்த முறை ஐந்து பேருக்கு இடம் கிடைத்திருந்தது. ஒருவன் ஸ்கூடாய், ஒருத்தி பாரிட் ராஜா, மற்ற மூவரும் வடக்கே. அதில் ஒரு தம்பி, வந்திருந்த தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டான்: “அண்ணே, இதுல பெனாசிஹாட் அகாடமிக்னு ஒன்னு போட்டிருக்கே, அது யாரு? டிசிப்ளின் டீச்சர் மாதிரியா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாண்டு முழுக்க நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஓர் ஆண்டு. அன்று மண்டபத்தில் அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பள்ளியில் ஆசிரியர் நம்மை அறைக்குக் கூப்பிட்டால் என்ன அர்த்தம்? ஏதோ தப்புப் பண்ணிட்டோம். முடி நீளம், வராத நாள், சண்டை. பதினோரு வருஷம் அப்படியே பழகிவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் பெயரைக் கொடுத்து “இவர்தான் உன் பெனாசிஹாட் அகாடமிக்” என்றால், அந்தக் கதவுப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது.

பெனாசிஹாட் அகாடமிக் என்றால் கல்வி ஆலோசகர். சுருக்கமாக பி.ஏ. என்பார்கள். உங்கள் துறையில் பாடம் நடத்தும் ஒரு விரிவுரையாளருக்கு இத்தனை மாணவர்கள் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் எந்தப் பாடங்களைப் பதிகிறீர்கள், அது உங்கள் படிப்புத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா, கூடுதலாக எடுக்கிறீர்களா, குறைவாக எடுக்கிறீர்களா என்று பார்ப்பது அவர் வேலை. பல இடங்களில் அவர் ஒப்புதல் இல்லாமல் பாடப் பதிவு முடியாது. ஒரு பாடத்தை விடுவதற்கும் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். ஆக, அவர் வரைபடம் வைத்திருக்கிறவர், கையெழுத்தும் போடுகிறவர். தண்டனை அவர் இலாகா இல்லை.

என் கதை இது. முதல் செமஸ்டரில் ஸ்டாட்டிக்ஸ் என்று ஒரு பாடம். நிலையாக நிற்கும் பொருள்மேல் விசைகள் எப்படிச் சமன் ஆகின்றன என்பதுதான் மொத்தமும். எஸ்.பி.எம்.மில் பௌதிகம் நன்றாகத்தானே செய்தோம் என்ற தைரியம். மூன்றாவது வாரக் குவிஸில் இருபதுக்கு ஆறு. “அடுத்ததுல பிடிச்சிடலாம்” என்றேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் ஒரு வாரம் இருந்துவிட்டேன். திரும்பிப் போனபோது டிரஸ் கணக்கு ஆரம்பித்து முடிந்திருந்தது. எட்டாவது வாரத் தேர்வில், எழுதிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது.

அப்போதுகூட நான் பி.ஏ. அறைக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது? “டாக்டர், எனக்குப் புரியல” என்றா? இடம் கிடைத்தபோது தோட்டத்தில் ஆரத்தி எடுக்காத குறை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ரிசல்ட் வந்து, அவரே ஈமெயில் போட்ட பிறகுதான் போனேன். அவர் கணினியில் என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், ஆறாவது வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பிறகு அவர் ஒரு தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டினார். ஸ்டாட்டிக்ஸ் முடிக்காமல் டைனமிக்ஸ் எடுக்க முடியாது. பொருள்களின் வலிமை என்ற பாடமும் எடுக்க முடியாது. அதை முடிக்காமல் மூன்றாம் ஆண்டு டிசைன் பாடம் இல்லை. எங்கள் துறையில் இவற்றில் சில ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். குறுகிய செமஸ்டரில் ஸ்டாட்டிக்ஸ் மறுபடி நடந்தது. அது எனக்குத் தெரிய வந்தபோது பதிவு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு பாடம் போனால் மூன்று கிரெடிட் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். சங்கிலியில் ஒரு கண்ணி என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் நான் போகவில்லை என்பதுதான் சரி. என் செட் பட்டம் வாங்கி வேலைக்குப் போய்விட்டது. நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பே போயிருந்தால் ஸ்டாட்டிக்ஸில் தேறியிருப்பேனா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த செமஸ்டரில் அவசரமில்லாத ஒரு பாடத்தை விட்டிருக்கலாம். அந்த மணிநேரம் ஸ்டாட்டிக்ஸுக்குக் கிடைத்திருக்கும். குறைந்தது, ஓர் ஆண்டு போயிருக்காது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பொறியியல்காரன் எழுதினால் கணக்கு இல்லாமல் எப்படி?

நம் நாட்டின் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ. விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரக் கற்றல். ஆக, மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. வாரம் மூன்று மணி விரிவுரை, 14 வாரம் என்றால் 42 மணி. மீதி 78 மணி எங்கே? டுத்தோரியல், அசைன்மென்ட், நூலகம், அறையில் தனியாக உட்கார்ந்து போடும் கணக்கு, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் அதற்குள்தான். 17 கிரெடிட் எடுத்தால் ஒரு செமஸ்டருக்கு 680 மணி. படிப்பு விடுமுறையும் தேர்வும் சேர்த்து 18 வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு ஏறக்குறைய 38 மணி. இது ஒரு முழுநேர வேலை. கால அட்டவணையில் புதன் மதியம் காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோமே, அது காலி இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் கிரெடிட் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை மோட்டாரை எடுத்துக்கொண்டு செடெனாக் வந்து, சனி ஞாயிறு கடையில் பார்ட் டைம் வேலை பார்த்து, திங்கட்கிழமை காலை திரும்பும் பிள்ளைகள் நம்மில் நிறைய. குடும்பத்துக்காகச் செய்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 38 மணியை எந்த நாளில் வைக்கப் போகிறோம் என்று பி.ஏ.விடம் உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் முதலில் அவர்கள்தான். இப்படி நிலைமை என்று தெரிந்தால் அவர் 17-ஐ 14 ஆக்கச் சொல்லலாம்.

அடுத்த கணக்கு சராசரி. பி கிரேடுக்கு 3.00 புள்ளி, ஃபெயிலுக்கு 0.00. 17 கிரெடிட்டில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்று போய், மற்ற எல்லாவற்றிலும் பி வாங்கினால் 42-ஐ 17 ஆல் வகுக்க வேண்டும்: 2.47. அதே பாடத்தை முறைப்படி, தேதிக்குள், விலக்கிக்கொண்டிருந்தால் 42-ஐ 14 ஆல் வகுக்கிறோம்: 3.00. அடுத்த செமஸ்டரிலும் 17 கிரெடிட் எடுத்து, மொத்தச் சராசரியை 2.47-இலிருந்து 3.00-க்குக் கொண்டுவர அந்த செமஸ்டரில் 3.53 வாங்க வேண்டும். பி வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது சும்மா வராது. இரண்டு பாடம் போனால்? 33-ஐ 17 ஆல் வகுத்தால் 1.94. 2.00-க்குக் கீழே போனால் பல பல்கலைக்கழகங்களில் நீங்கள் நிபந்தனை நிலைக்குப் போகிறீர்கள். பி.டி.பி.டி.என். கடனும் 2.00-ஐப் பார்த்துத்தான் தொடர்ந்து வருகிறது. பணம் நின்றால் அறை வாடகை, சாப்பாடு, எல்லாம் தொடர்ச்சியாகச் சாயும். மறுபடி எடுக்கும் பாடத்தில் புது கிரேடு பழையதை அழிக்குமா, இரண்டும் கணக்கில் இருக்குமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். இதையும் பி.ஏ.விடம் கேட்கலாம்.

“தேதிக்குள்” என்று சொன்னேன் இல்லையா, அதுதான் முக்கியம். முதல் ஓரிரு வாரத்தில் தம்பா குகுர் என்று ஒரு காலம் வரும். பாடத்தைச் சேர்க்கலாம், எடுக்கலாம், தடயம் இருக்காது. அதற்குப் பிறகு தாரிக் டிரி என்று ஒரு காலம். விலகிக்கொண்டதாகக் குறிப்பு இருக்கும், சராசரி கெடாது. அதுவும் முடிந்தால் கிடைத்ததுதான் கிரேடு. பதிந்த அன்றைக்கே உங்கள் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து இந்த இரண்டு தேதியையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செமஸ்டர் அக்டோபரில் தொடங்கினால், அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் தீபாவளி இந்த ஆரம்ப வாரங்களில்தான் விழும். பொது விடுமுறை ஒரு நாள். நாம் எடுப்பது ஒரு வாரம். தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வரும், கடைசித் தேர்வு நெருங்கும் சமயம். காவடிக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதமும் இருந்துகொண்டு தேர்வுக்கும் படிப்பார்கள். தீபாவளிக்கு மறுநாள் டெஸ்ட் இருக்கிறது என்றால் இரண்டு வாரம் முன்பே பாட விரிவுரையாளரிடமும் பி.ஏ.விடமும் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். மறுநாள் போய் “டாக்டர், எங்க பெருநாள்” என்று சொல்வதில் பயனில்லை.

மண்டபத்தில் இவ்வளவும் சொன்ன பிறகு, பாரிட் ராஜா போகும் தங்கச்சி சொன்னது எனக்கு மறக்கவில்லை. “எல்லாம் சரிண்ணே. ஆனா பெரியவங்ககிட்ட போய் கேள்வி கேக்கறது மரியாதை இல்லன்னுதானே நம்மள வளர்த்திருக்காங்க?”

நியாயமான கேள்வி. குரு சொல்வார், சீடன் கேட்டுக்கொள்வான், வாய் திறக்கக்கூடாது என்றுதான் நாம் குருபக்தியை நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் நூல்களைப் பார்த்தால் அப்படி இல்லை. அதர்வ வேதத்தைச் சேர்ந்த ஓர் உபநிஷதத்துக்குப் பெயரே பிரச்ன உபநிஷதம், அதாவது கேள்விகளின் உபநிஷதம். ஆறு பேர் சமித்துக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பிப்பலாதர் என்ற ரிஷியிடம் போகிறார்கள். அவர் உடனே பாடம் தொடங்கவில்லை. ஓர் ஆண்டு இங்கே ஒழுக்கத்தோடு இருங்கள், அதன்பின் விருப்பப்பட்டதைக் கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார். கவனியுங்கள், தெரிந்தால். பிறகு ஆறு பேரும் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். நூல் முழுவதும் அந்தக் கேள்விகளும் பதில்களும்தான்.

அதில் ஆறாவதாகக் கேட்கும் சுகேசரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோசல நாட்டு இளவரசன் ஒருவன் முன்பு அவரிடம் வந்து, பதினாறு கலைகள் உள்ள புருஷனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறான். சுகேசருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டார். பொய் சொல்பவன் வேரோடு உலர்ந்து போவான், அதனால் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாராம். இளவரசன் பேசாமல் தேரில் ஏறிப் போய்விட்டான். எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! அந்தத் தெரியாததையே தூக்கிக்கொண்டு வந்து அவர் பிப்பலாதரிடம் கேட்கிறார். இருபதுக்கு ஆறு வாங்கிய தாளை மடித்துப் பைக்குள் மறைத்த எனக்கு இதைப் படித்தபோது சுருக்கென்றது. கீதையின் நான்காம் அத்தியாயத்திலும் கிருஷ்ணர் ஞானம் பெறும் வழி சொல்லும்போது வணக்கத்தையும் தொண்டையும் மட்டும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் பரிபிரச்னம் இருக்கிறது. சுற்றிச் சுற்றிக் கேட்பது. அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்ன பதில்: பணிவாகக் கேள், ஆனால் கேள்.

மேல்நாட்டிலும் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். பர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பது போல ஆலோசகர் சொல்ல, மாணவர் கேட்டுக்கொண்டு போவது ஒரு வகை. இருவரும் சேர்ந்து பொறுப்பெடுத்து யோசிப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கற்பித்தல் என்றார் அவர். அந்த இரண்டாவது வகை நடக்க வேண்டுமானால் மாணவர் வெறுங்கையோடு போகக்கூடாது. சமித்துக் கட்டையும் அதற்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இது என் சொந்த வியாக்கியானம், பண்டிதர்கள் மன்னிக்கவும்.

நம் சமித்து என்ன? பதிவுத் தாள், நான்காண்டுப் பாடத்திட்டம், இதுவரை வாங்கிய குவிஸ் மதிப்பெண், தாளில் எழுதிய மூன்று கேள்வி. ஈமெயில் நாலு வரி போதும்: பெயர், மெட்ரிக் எண், என்ன விஷயம், எந்த நாள் எந்த நேரம் வரலாம். வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு “ஹாய் டாக்டர்” வேண்டாம். அறைக்குள் போய் “எனக்குப் பிரச்சினை” என்று நிறுத்திவிடாதீர்கள். “ஸ்டாட்டிக்ஸில் ஆறு வாங்கினேன், டிரஸ் புரியவில்லை, இந்த செமஸ்டர் 17 கிரெடிட், எதை விடலாம்?” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். ஆங்கிலம் தடுமாறினால் மலாயில் பேசுங்கள், அதுவும் தடுமாறினால் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் முதல் முறை வாசித்தேன்.

எல்லா பி.ஏ.வும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். ஆய்வு, பாடம், கூட்டம் எல்லாம் அவர்களுக்கும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு இரண்டு ஈமெயிலுக்குப் பதிலே வரவில்லை. அவள் மூன்றாவது அனுப்பாமல், அவர் கதவில் ஒட்டியிருந்த சந்திப்பு நேரத்தில் நேராகப் போய் நின்றாள், வேலை நடந்தது. அதுவும் நடக்கவில்லை என்றால் துறை அலுவலகத்தில் கேளுங்கள், ஆலோசகரை மாற்ற வழி இருக்கிறதா என்றும் கேட்கலாம். பாடம் புரியவில்லை என்றால் அந்தப் பாடத்தின் விரிவுரையாளர். தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, வீட்டில் பிரச்சினை என்றால் பல்கலைக்கழக கவுன்சலிங் பிரிவு. அங்கே போவது அவமானம் இல்லை. சீனியர்கள் நாங்கள் இருக்கிறோம்தான். ஆனால் எங்கள் காலத்துப் பாடத்திட்டம் வேறு, உங்களுடையது வேறு. சீனியர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் பதியாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், இது எங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. செடெனாக்கில் செம்பனை நின்ற பக்கமெல்லாம் இப்போது டேட்டா சென்டர் எழும்புகிறது. செடெனாக் டெக் பார்க் வந்த பிறகு எல்லாப் பெற்றோருக்கும் ஒரே வார்த்தை, “கம்ப்யூட்டர் எடு.” எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் ஓயாமல் ஓடுவது மின்சாரமும் குளிரூட்டலும். மின்பொறியாளரும் இயந்திரப் பொறியாளரும் இல்லாமல் ஒரு சர்வரும் நிற்காது. எந்தத் துறை, பிறகு எந்த எலெக்டிவ் என்று முடிவெடுக்கும்போது, அந்தத் தொழிலுக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும் விரிவுரையாளரிடம் கேட்பது, மண்டபத்து வாசலில் கேட்பதைவிட நல்லது. பொறியியல் எடுப்பவர்கள் உங்கள் படிப்புக்கு இ.ஏ.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மலேசியா 2009-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினர் ஆனதால், அந்த அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகளிலும் மதிப்பு உண்டு.

என்னோடு பதிந்த ஒரு நண்பன் இரண்டாம் செமஸ்டரிலேயே போய்விட்டான். என்னைவிடக் கெட்டிக்காரன். மூன்று பாடம் போனது, யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். ஒரு நாள் அறையில் அவன் பெட்டி இல்லை. இப்போது தினமும் விடியற்காலை மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறான். உழைத்துச் சம்பாதிக்கிறான், அதில் குறைவில்லை. ஆனால் படிப்பை விட்டாலும் பி.டி.பி.டி.என். கடன் விடாது. பட்டம் இல்லாமல் அந்தக் கடனை அவன் கட்டிக்கொண்டிருக்கிறான். போன தீபாவளிக்குப் பார்த்தபோது, “ஒருத்தர்கிட்டயாவது போய் கேட்டிருக்கலாம்டா” என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் போன மாதம்தான் நானும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அன்று கேள்வி கேட்ட தம்பி பதிந்து இரண்டாவது வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினான். கோடு போட்ட தாளில் மூன்று கேள்வி. முதலாவது, மெட்ரிகுலேஷனில் படித்த கணிதத்துக்கு கிரெடிட் விலக்குக் கிடைக்குமா. இரண்டாவது, ஸ்டாட்டிக்ஸ் குறுகிய செமஸ்டரில் நடக்குமா, நடந்தால் பதிவு எப்போது. மூன்றாவதைப் பார்த்துத்தான் சிரித்தேன். “டாக்டர், நான் உங்களை எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கலாம்?” கீழே, வியாழன் காலை பத்து மணி, அறை எண் எல்லாம் குறித்திருந்தான்.